மாயாண்டித் தாத்தாவின் கோட்டுப் பை

ஒரு வேலை சுத்தமாகத் தெரியாதவனால் பெரிய நாசம் எதுவும் வருவதில்லை. அவன் பயந்துபோய் நாலு பேரைக் கேட்டுச் செய்வான். முக்கால்வாசி தெரிந்தவன்தான் ஆபத்தானவன். அவனிடம் விசிட்டிங் கார்டும் இருந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. எனக்கு இருபத்தெட்டு வயது நடந்தபோது என்னிடம் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு இருந்தது. பெயருக்குக் கீழே 'ஆவணப் பாதுகாப்பு நிபுணர்' என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தேன்.

உண்மையில் என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில், பழைய புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேனரில் வைத்துப் பொத்தானை அமுக்குகிற ஒப்பந்த வேலை. பக்கத்தைத் திருப்பு, கவிழ்த்து வை, மூடியைச் சாத்து, அமுக்கு. மூன்று வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நிபுணர் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்திருந்தபோது நானே எடுத்துக்கொண்டேன். (என் அப்பா கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இத எதுக்குடா பத்திரமா பாதுகாக்கணும்?" என்று கேட்டார்.)

இந்தக் கார்டோடுதான் பெண் பார்க்கப் போனேன். நாங்கள் விளாங்குடி. பெண் வீடு டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண்ணின் பெயர் கயல்விழி. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தனியாகப் பேச எங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் எட்டு நிமிஷம், ஒரு படத்தைச் சரியாகப் பதிவு செய்வது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்று அவளுக்கு விளக்கினேன். தினமும் நாற்பது பேருடைய எலும்பைப் படம் எடுக்கிறவள் அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேற எதுவும் கேக்கணுமா?" என்றாள். அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என்னை எதனாலோ அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கோ அவளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வேறு நினைப்பே இல்லை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் நிச்சயத்துக்கு நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கயலின் அப்பா சொன்னார். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசுக்கும் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டதால், வீட்டில் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் அன்று பேசியது ஏறக்குறைய பத்து வாக்கியம். விஷயம் பெரியது என்று அதிலேயே தெரிந்தது.

கயலின் அப்பாவுக்குத் தாத்தா மாயாண்டி. அவருக்கு இரண்டு தாரம். மூத்தவர் இருளாயி வழி வந்தவர்கள் தெருவின் மேற்குப் பக்கம் இருப்பதால் மேலவீடு. இளையவர் பேச்சி வழி வந்த கயல் குடும்பம் கீழவீடு. இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் ஒருவரை விட்டு ஒருவர் போய்விடக் கூடாது என்று மாயாண்டித் தாத்தா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கீழவீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் என்றால் தாம்பூலத் தட்டை மேலவீட்டுப் பெரியவர்தான் எடுத்து மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்க வேண்டும். மேலவீட்டுப் பெண்ணுக்குக் கீழவீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பெரியவர் கை படாத தட்டுக்கு அந்தக் குடும்பத்தில் மதிப்பில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கீழவீட்டில் நடந்த ஒரு காதுகுத்துப் பந்தியில் மேலவீட்டுப் பெரியவர் கருப்பையாவின் இலைக்குக் கறி வருவதற்குள் சட்டி காலியாகிவிட்டது. அதை அவர் தற்செயல் என்று நம்பவில்லை. இந்தப் பதினோரு வருஷத்தில் கயலுக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் பெண்ணுக்கு நிச்சயம் என்று எதுவும் வராததால் சண்டையும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கருப்பையா வந்து தட்டை எடுத்தால்தான் எனக்குக் கயல். இல்லாவிட்டால் இல்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் கயலின் அப்பா, என் வருங்கால மாமா. மாயாண்டித் தாத்தா கொழும்புக்குப் போய்ப் பல வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த கையோடு, இரண்டு மனைவிகளையும் மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு போட்டோ எடுத்தாராம். சிம்மக்கல் பக்கம் ஒரு வேதக்கார ஐயா, அதாவது கிறிஸ்தவர், வைத்திருந்த ஸ்டூடியோ. வீட்டில் மாட்டியிருந்த படத்தைக் கறையான் தின்றுவிட்டது. இப்போது உயிரோடிருக்கிற யாரும் அதைப் பார்த்ததில்லை, அந்த இரண்டு பெண்களையும் பார்த்ததில்லை. கருப்பையாவும் ஒரு காலத்தில் அதைத் தேடி அலைந்தவர்தான். அந்தப் படத்தைத் திறந்து வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினால் அவர் வராமல் இருக்கமாட்டார்.

"படத்த நான் கொண்டாரேன் மாமா. இது என் துறை," என்று சொல்லி, அவரிடமும் ஒரு கார்டைக் கொடுத்தேன். டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பதுபோல் அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

ஸ்டூடியோ அதே சந்துக்குள்தான் இருந்தது. இப்போது அதை நடத்துகிறவர் அந்த ஐயாவின் பேரன் தேவசகாயம் அண்ணே. பாஸ்போர்ட் போட்டோ எடுத்துத் தருவதும் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போடுவதும் வேலை. அவருடைய தாத்தா எடுத்த படங்களின் நெகட்டிவ் எல்லாம் கண்ணாடித் தட்டுகளாக, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரப்பெட்டிகளில் பரண் மேல் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள். "எறங்கி ஏற எனக்கு முட்டி ஒத்துக்கிறாது, நீங்களே பாருங்க தம்பி," என்று ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார்.

நான்கு சனிக்கிழமைகள் பார்த்தேன். ஒவ்வொரு தட்டையும் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முகமெல்லாம் கருப்பாகவும் தலைமுடி எல்லாம் வெள்ளையாகவும் தெரியும். நிலபுலன் உள்ள மிட்டாதாரர்கள், வாத்தியார்கள், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மல்லிகைப்பூ தைத்த ஜடையைக் கண்ணாடியில் காட்டிக்கொண்டு நிற்கிற கல்யாணப் பெண்கள். ஆண்களில் பாதிப் பேர் கோட்டு போட்டிருந்தார்கள். இருபது பேரைப் பார்த்த பிறகுதான் அது ஒரே கோட்டு என்று புரிந்தது. வருகிறவர்களுக்கு மாட்டிவிட ஸ்டூடியோவில் ஒரு கோட்டு, ஒரு ஜோடி ஷூ, ஒரு கைத்தடி இருந்திருக்கின்றன. ஒல்லியானவர்களுக்குக் கோட்டு தொளதொளவென்று தொங்கியது. குண்டானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் எல்லோருக்கும் அதே திரைச்சீலை. அதில் ஒரு மாளிகைப் படிக்கட்டு வரைந்திருந்தது.

நாலாவது சனிக்கிழமை மாயாண்டித் தாத்தா கிடைத்தார். உறையில் பென்சிலால் ஊர் பெயரும் அவர் பெயரும் எழுதி, கீழே இப்படி இருந்தது: 'பார்ப்பவருக்கு இடது பக்கம் மூத்தவர் இருளாயி. வலது பக்கம் இளையவர் பேச்சி.' நடுவில் கோட்டும் ஷூவுமாக அவர் நின்றார். இரண்டு பக்கமும் நாற்காலியில் இரண்டு பெண்கள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தாத்தாவுக்காக இல்லை, கயலுக்காக.

தட்டை என்னிடம் ஒப்படைக்கும்போது தேவசகாயம் அண்ணே ஒரு விஷயம் சொன்னார். தட்டுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். படம் இருப்பது மங்கல் பக்கத்தில். மெஷினில் வைக்கும்போது பளபளப்புப் பக்கம் கீழே இருக்க வேண்டும். இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் குறுக்கே பேசி, எங்கள் ஸ்கேனர் எத்தனை புள்ளி துல்லியத்தில் எடுக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அதில் என் குரல்தான் எனக்குக் கேட்டது. அவர் சொன்னதில் 'படம் இருப்பது மங்கல் பக்கத்தில்' என்பது மட்டும் மனதில் நின்றது.

நூலகத்துக்கு வந்து தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மூன்று வருஷ அனுபவம் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: எதை எடுக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வை. ஜெராக்ஸ் கடையில் யாரும் எழுத்தை மேலே பார்க்க வைப்பதில்லை. ஆகவே மங்கல் பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, மூடியைச் சாத்தி, அமுக்கினேன். கம்ப்யூட்டரில் கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றியதும் மூன்று பேரும் நேற்று எடுத்ததுபோல் வந்து நின்றார்கள். ஓரத்தில் ஏதோ எழுத்து தெரிந்தது. எனக்குப் படிக்க வரவில்லை. அந்தக் காலத்து வேற்று மொழிக் குறிப்பாக இருக்கும் என்று முடிவு செய்து அந்த ஓரத்தையே வெட்டிவிட்டேன். (அது தட்டின் நம்பர். இடம் வலம் மாறித் தெரிந்ததால் வேற்று மொழியாகிவிட்டது.)

படத்தை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கினேன். கீழே உறையில் கண்டபடியே, இடது பக்கம் 'மூத்தவர் இருளாயி', வலது பக்கம் 'இளையவர் பேச்சி' என்று தங்க எழுத்தில் போட்டேன். சிம்மக்கல்லில் ஃப்ரேம் மாட்டி, விசேஷத்தன்று திறந்தால்தான் மதிப்பு என்று பழைய போர்வையால் சுற்றி வைத்தேன். கயல் போனில் ஒரு தடவை, "எனக்கு மட்டும் அனுப்புங்களேன், பாத்துட்டுத் தாரேன்," என்று கேட்டாள். "இதெல்லாம் பொறுமையாப் பாக்க வேண்டிய விஷயம்," என்று சொல்லி மறுத்துவிட்டேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

நிச்சயத்தன்று கீழவீட்டு வாசலில் பந்தல். மேலவீட்டார் வந்தார்கள். முன்னால் கருப்பையா, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பின்னால் அவர் தங்கச்சி ராக்கம்மா, அதற்குப் பின்னால் ஒரு முப்பது பேர். யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிப்போம் என்கிற உட்காரலாக உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் ஜமுக்காளத்தில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், புடவை எல்லாம் வைத்து, எடுக்க ஆள் இல்லாமல் காத்திருந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். மாப்பிள்ளை மைக் பிடித்த நிச்சயதார்த்தம் அந்த ஊரில் அதுதான் முதல். கண்ணாடி நெகட்டிவ் என்றால் என்ன, அதைக் கையாளத் தேவையான தேர்ச்சி என்ன என்று சொல்லிவிட்டுப் போர்வையை உருவினேன்.

கருப்பையா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"ஷூ போட்டுருக்காரு. நம்மாளு செருப்புப் போட்டு மேல்சாதிக்காரக தெருவுல நடக்க முடியாத காலம். மதுரைக்குப் போயி ஷூவப் போட்டு நின்னு படம் எடுத்துருக்காரு பாருங்கப்பா," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது இரவல் ஷூ என்று எனக்குத் தெரியும். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதை மைக்கில் சொல்லாமல் இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

அடுத்து ராக்கம்மா எழுந்தார். இடது பக்கம் 'மூத்தவர் இருளாயி' என்று இருந்த முகத்தைக் கையால் தடவினார். "அப்பத்தா, உன் மூக்குத்தான் ஆத்தா எனக்கு," என்று அழ ஆரம்பித்தார். மேலவீட்டுப் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து அவரவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ராக்கம்மா கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தை அந்த முகத்துக்கு மேலே சாத்தினார். இந்தப் பக்கம் கயலின் அத்தை சின்னப்பொண்ணு, மாமாவின் கூடப்பிறந்த தங்கச்சி, வலது பக்கத்து முகத்தைப் பார்த்து, "எங்க வீட்டுக் கண்ணு அப்பிடியே இருக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கயலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, படத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

சின்னப்பொண்ணு அத்தை அதோடு நிறுத்தியிருக்கலாம். இடது பக்கம் இருந்த பெண் கடுகடுவென்று இருந்தது உண்மைதான். கேமராவைக் கடித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகத்தான் சொன்னார். மைக்கை நான் அணைக்காமல் அவர் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"இந்த மூஞ்சிய வீட்டுல வச்சுக்கிட்டு எந்த ஆம்பளதான் ரெண்டாந்தாரம் தேடாம இருப்பான்," என்றது ஸ்பீக்கர்.

ராக்கம்மா மெதுவாகத் திரும்பினார். பிறகு வலது பக்கத்து முகத்தைக் கைநீட்டிக் காட்டி, "அந்த முழியப் பாத்தாலே தெரியலையா. மூத்தவ இருக்கையிலயே வந்து ஒட்டிக்கிட்டவ முழி," என்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேசியதில் எழுதக்கூடியது குறைவு. செத்துப்போய் எத்தனையோ வருஷமான இரண்டு பெண்களின் நடத்தை, சமையல், பல்வரிசை எல்லாம் அலசப்பட்டன. இடையில் அந்தக் கறிச்சட்டியும் வந்துவிட்டது. கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க அப்பத்தாளக் கேவலமாப் பேசுற வீட்டுல என் கை நனையாது. தட்ட எடுக்க வேற ஆளப் பாத்துக்கங்க," என்றார். முப்பது பேரும் எழுந்தார்கள். என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். போர்வையை எடுத்துப் படத்தை மூடினால் ஏதாவது குறையுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் தேவசகாயம் அண்ணே வந்தார். நான்தான் அழைத்திருந்தேன், என் திறமையை ஒரு தொழில்காரர் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்று. பஸ் தாமதம். கையில் ஒரு பை ஆப்பிள். சண்டையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அப்புறம் இன்னொரு பக்கம் சாய்த்தார்.

"தம்பி, எங்க தாத்தா திரையில படிக்கட்டு இடது பக்கம்ல இருக்கும். இதுல வலது பக்கம் இருக்கு," என்றார். "கண்ணாடித் தட்டத் திருப்பி வச்சு எடுத்துட்டீகளோ?"

அப்படி எல்லாம் இருக்காது என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுவதுபோலவே சொன்னார். "கோட்டுப் பையப் பாருங்க. உலகத்துல கோட்டுக்கும் சட்டைக்கும் பை இடது நெஞ்சுலதான் வைப்பாக. இவருக்கு வலது நெஞ்சுல இருக்கு. படம் மொத்தமும் இடம் வலம் மாறிக் கெடக்கு."

கிளம்பி நின்ற ஆண்கள் அத்தனை பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் வலது கையைத் தூக்கித் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மேலவீடு, கீழவீடு, என் அப்பா, சமையல்காரர், எல்லோரும். கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் இருந்தது. ஐம்பது பைகளும் இடது பக்கமே இருந்தன. படத்தில் மாயாண்டித் தாத்தாவின் பை மட்டும் வலது பக்கம், உள்ளே மடித்து வைத்த கைக்குட்டையோடு, நன்றாகவே தெரிந்தது.

இதன் பொருள் என்ன என்று முதலில் கணக்குப் போட்டவர் என் அப்பா. "அப்ப இடது பக்கம் இருக்கிறது இளையவுக. வலது பக்கம் மூத்தவுக," என்றார். பிறகு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்து நிறுத்திக்கொண்டார்.

சின்னப்பொண்ணு அத்தை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மூஞ்சி அவருடைய சொந்த அப்பத்தா பேச்சியின் மூஞ்சி. ராக்கம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒட்டிக்கிட்டவள் முழி என்று அவர் கைநீட்டிக் காட்டியது அவருடைய சொந்த அப்பத்தா இருளாயியை. அதோடு, அவர் அழுது, மூக்கைக் கண்டு, பூவும் சாத்தியது பதினோரு வருஷமாகப் பேசாத வீட்டுக் கிழவிக்கு. மன்னிப்புக் கேட்கச் சொல்லி யார் யாரைக் கேட்பது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியவில்லை. இவர்கள் திட்டியது இவர்கள் ஆளை. அவர்கள் திட்டியது அவர்கள் ஆளை.

அவ்வளவு கோபத்தையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு வீடும் சேர்ந்து செய்த முதல் காரியம் என்னைத் திட்டியது. சின்னப்பொண்ணு அத்தை ஆரம்பித்து மூச்சு வாங்கிய இடத்தில் ராக்கம்மா எடுத்துக்கொண்டார். ராக்கம்மாவுக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் சின்னப்பொண்ணு எடுத்துக் கொடுத்தார். "அம்புட்டுப் படிச்சவருக்கு எது மேல எது கீழன்னு தெரியலையாக்கும்," என்று ஒருவர். கருப்பையா கீழவீட்டுக்காரர் ஒருவரின் தோளில் கை போட்டுக்கொண்டு, "நிபுணராம்ல," என்றார். அந்தக் கீழவீட்டுக்காரர், "கார்டு அடிச்சு வச்சுருக்காருண்ணே," என்றார். என் அப்பா எழுந்து, சம்பந்தி வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "மைக்கப் பிடிக்காதன்னு காலையிலயே சொன்னேன்," என்று அவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். யாரோ கருப்பையாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். திட்டிய களைப்பில் அவர் வாங்கிக் குடித்துவிட்டார்.

குடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். செம்பைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தட்ட எடுக்குறதுல எனக்கு இனி தடை ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா இந்த ஆளு கையிலயா குடுக்கச் சொல்றீக? நம்ம அப்பத்தாளையே மாத்தி நிறுத்துனவரு. நாளைக்கு நம்ம பிள்ளைய எப்பிடி வச்சுக்குவாரு?" பிறகு கயல் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுத்தா. வேணாம்னா வேணாம். ரெண்டு வீடும் உன் பக்கந்தான்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கயல் என் பக்கத்தில் வந்து நின்று படத்தைப் பார்த்தாள்.

"நான் எடுக்கிற ஒவ்வொரு எக்ஸ்ரேலயும் ஓரத்துல ஒரு எழுத்து வைப்பேன் பெரியப்பா. இது இடது கை, இது வலது கைன்னு," என்றாள். "இல்லேன்னா டாக்டர் நல்ல கையில கட்டுப் போட்டுருவாரு. இவர்ட்ட படத்த போன்ல அனுப்பச் சொன்னேன். பொறுமையாப் பாக்க வேண்டிய விஷயம்னாரு."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். நான் நிமிரவில்லை.

"இவருக்கு எது இடது, எது வலதுன்னு சொல்லிக்கிட்டே இருக்க வீட்டுல ஒரு ஆளு வேணும். இப்பிடியே விட்டா ஊருக்குத்தான் கஷ்டம். நான் போறேன்."

கருப்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து தட்டைத் தூக்கினார். என்னிடம் தரவில்லை. என்னைச் சுற்றிப் போய் என் அப்பா கையில் கொடுத்தார். பந்தியில் அவர் இலைக்கு முதல் கறி வந்தது. மாமாவே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் கயல் நூலகத்துக்கு வந்து, நான் கண்ணாடித் தட்டை வைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள். சரியான படம் கீழவீட்டுக்கு வந்தது. மேலவீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனேன். ராக்கம்மா வாங்கவில்லை. "நான் அழுதது அழுததுதான். என் மூக்கு அந்த மூஞ்சியிலதான் இருக்கு. பேச்சியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்," என்று பழைய படத்தையே வைத்துக்கொண்டார். தங்க எழுத்துப் பெயர்களின் மேல் மட்டும் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார். ஆகவே தெருவின் கிழக்கே மாயாண்டித் தாத்தாவுக்குப் பை இடது பக்கமும், மேற்கே வலது பக்கமும் இருக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வீட்டுக்கும் போய்விட்டுக் குழம்பிப்போய்த் திரும்புகிறார்கள். அதற்கான விளக்கத்தை இரண்டு வீட்டிலும் என் பெயர் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

எங்கள் கல்யாணத்தில், மேடையில் குடும்பப் படம் எடுக்க போட்டோகிராபர் எல்லோரையும் நிறுத்தினார். கருப்பையா கையை உயர்த்தி அவரை நிறுத்தச் சொன்னார். "ஆம்பளைக எல்லாரும் பையில கை வைங்கப்பா. பின்னால வர்றவன் திருப்பிப் போட்டான்னா தெரியட்டும்," என்றார். ஐம்பது பேரும் வலது கையை இடது நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள், அங்கே யாருக்கோ நெஞ்சுவலி வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் எந்த விசேஷத்தில் படம் எடுத்தாலும் இதே கதைதான். முதலில் என்னைக் கேலி செய்வதற்காகச் செய்தார்கள். பிறகு பழகிவிட்டது. திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு போட்டோகிராபர், "இது உங்க பக்கத்து முறைங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கருப்பையா மாமா, "ஆமா தம்பி. எங்க தாத்தா காலத்துல இருந்து வர்றது," என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்.

போன மாதம் மேலவீட்டில் ஒரு காதுகுத்து. இரண்டு வீடும் சேர்ந்து நின்று படம் எடுத்தோம். முன்வரிசையில் என் ஐந்து வயது மகள் நின்றாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த கவுனில் பையே கிடையாது.